ஐம்பது பவுண்டு நியாயம்

நியாயம் பேசுகிற மனிதர்களில் பல வகை உண்டு. வருஷம் முழுக்கப் பேசுகிறவர்கள் ஒரு வகை. அவர்களை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. வாயே திறக்காதவர்கள் இன்னொரு வகை. அவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, ஆட்டம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் மனச்சாட்சி விழித்துக்கொள்கிற ஒரு வகை இருக்கிறது. நாம் பார்க்கப்போவது அவரைத்தான். நடுப்பருவ நியாயஸ்தர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவர் எந்த ஊரிலும் விளைவார். ஆனால் வட கரோலினா மலையடிவாரத்தில், பெர்சிமன் ஹாலோவில், சனிக்கிழமைதோறும் செம்மண் களத்தில் ஸ்டாக் கார் ஓட்டுகிறார்களே, அங்கே விளைகிற ரகத்துக்கு ஈடில்லை. வெளியே பார்த்தால் வீட்டுக் கார், உள்ளே பார்த்தால் வீட்டுக்கு ஆகாத அத்தனையும். அப்படிப்பட்ட இருபது வண்டிகள் வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதை ஊரே அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டு பார்க்கும். வசந்தத்தில் தொடங்கி இலை உதிர்கிற வரைக்கும் ஒரு பருவம். வாராவாரம் புள்ளி. கடைசியில் ஒரு கோப்பை. நியாயம் தழைக்க இதைவிட நல்ல மண் வேண்டுமா?

டெல்மர் ஸ்ட்ரூப் இந்த வகையில் முதல் தரம். டயர் கடைக்காரர். கடையின் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தட்டு உண்டு; அதில் எதையும் வைக்க விடமாட்டார். கோப்பைக்கான இடம். அவரே ஓட்டிய காலத்தில் அது வரவில்லை. பிறகு பெண் ரேலீன் ஓட்ட ஆரம்பித்தாள், அப்போதும் வரவில்லை. இந்த வருஷம் ரேலீனுக்கு நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்தில். பருவம் முடிந்ததும் போய்விடுவாள். ஆகவே இந்த வருஷம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தத் தட்டில் காற்று வடிகட்டிகளைத்தான் அடுக்க வேண்டும்.

கோடை நடுவில் நிலவரம் நன்றாக இல்லை. பக்கத்துப் பண்ணை ஹாய்ட் பம்கார்னர் நான்கு பந்தயம் ஜெயித்திருந்தார். ரேலீன் ஒன்று.

நடுப்பருவ நியாயஸ்தர் இந்தக் கட்டத்தில் என்ன செய்வார் என்பதைக் கவனியுங்கள். விதியை மாற்றச் சொல்வாரா? சொல்லவேமாட்டார். காலையில் பிஸ்கட் கடைக்குப் போவார். குழம்பு ஊற்றிய பிஸ்கட்டை, அந்த ஊரில் அது மெத்தென்ற ரொட்டி, பாதி தின்றுவிட்டு, மீதியை மறந்தவர் மாதிரி ஜன்னலைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். என்னவென்று யாராவது கேட்கும்வரை விட்டுக்கொண்டே இருப்பார்.

“நான் என் வண்டிக்காகச் சொல்லல,” என்று ஆரம்பிப்பார். இந்த வகையை அடையாளம் காண இந்த ஒரு வாக்கியம் போதும். “விளையாட்டுக்காகச் சொல்றேன். ஒரே ஆளு வாராவாரம் ஜெயிச்சா ஜனம் எதுக்கு வரும்? போன வாரம் பெஞ்சுல பாதி காலி. லொரெட்டாம்மா பாவம்.”

லொரெட்டா, களத்தின் சொந்தக்காரி. காலி பெஞ்சு அவள் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஓட்டுநர் கூட்டத்தில், தன் டிரக்கின் பின்பலகையில் ஏறி நின்று அறிவித்தாள்: இந்தப் பருவத்தில் மூன்று பந்தயம் ஜெயித்த வண்டி எதுவானாலும், பருவம் முடிகிறவரை ஐம்பது பவுண்டு ஈயக் கட்டி ஒன்றைச் சுமக்க வேண்டும். வெள்ளைப் பெயிண்டு அடித்து, வண்டி எண் எழுதி, இரண்டு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பந்தயம் முடிந்ததும் எடை மேடை. எடை குறைந்தால் அன்றைய ஓட்டம் செல்லாது.

ஹாய்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “பாதி பருவத்துல விதிய மாத்தறது எந்த ஊரு நியாயம், லொரெட்டாம்மா? கோடு போட்டு ஆடற ஆட்டத்துல கோட்டையே நகர்த்தலாமா?”

டெல்மர்தான் பதில் சொன்னார், மிகுந்த கனிவோடு. “மாத்தலடா ஹாய்ட். சமப்படுத்தறாங்க. விதின்னா கல்லா? அதுவும் வளரணும் இல்ல?”

“உன் பொண்ணு மூணு ஜெயிக்கட்டும், அப்ப பேசிக்கலாம் வளர்ச்சிய.”

“ஜெயிச்சா சந்தோஷமா சுமப்போம்டா.”

அதற்குள் போதகர் பிரூயிட் தலை குனியச் சொல்லிவிட்டார். பெர்சிமன் ஹாலோவில் ஓட்டுநர் கூட்டம் ஜெபத்தோடு முடியும். ஆமென் சொன்னபிறகு எந்த விதியையும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. தேவனே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது அங்கத்து ஐதீகம்.

பாரம் ஏறிய ஹாய்ட்டின் வண்டி திருப்பங்களில் முனகியது. ரேலீன் இரண்டு பந்தயங்கள் ஜெயித்தாள். ஒன்றும் இரண்டும் மூன்று. இந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, டெல்மர் ஒருவரைத் தவிர. ஈயத்தை எடுத்துக்கொண்டு லொரெட்டாவின் ஆள் கடைக்கு வந்தபோது, டயர் வாங்க வந்தவனை வரவேற்பதுபோல அவனை வரவேற்றார். விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. அன்றே அவருடைய மனச்சாட்சி விழித்தது. விழித்தது என்றால், பல் துலக்கி, தலை வாரி, ஊர்வலத்துக்கே தயாராக நின்றது.

“பாதி பருவத்துல விதிய மாத்தறதா!” என்று பிஸ்கட் கடையில் கேட்டார். “எங்கயாவது உண்டா இப்படி?”

“போன மாசமே மாத்தியாச்சே, அப்பா,” என்றாள் ரேலீன், ஜாம் தடவிக்கொண்டே. “அப்ப நல்லாயிருக்குன்னு சொன்னீங்க.”

“அது ஹாய்ட்டுக்கு.”

“விதி எல்லாருக்கும்தானே?”

“அதாம்மா தப்பு. எல்லாருக்கும்னு சொன்னது யாரு? அவன சமப்படுத்தினாங்க. நம்மள தண்டிக்கறாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல உனக்கு. படிச்சவ நீ.”

இது பொய்ப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். டெல்மர் பொய் சொல்பவர் இல்லை. டயரில் ஆணி இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்வார். போன மாதம் சொன்னதையும் மனதாரத்தான் சொன்னார். இந்த மாதம் சொல்வதையும் மனதாரத்தான் சொல்கிறார். இந்த வகையின் பலமே அதுதான். நடிப்பாக இருந்தால் எப்போதோ களைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை ஈயத்தை மாட்டினார். ஒரே ஒரு போல்ட் போட்டு.

ரேலீன் குனிந்து பார்த்தாள். “ரெண்டாவது ஓட்டை சும்மா இருக்கே?”

“இன்னைக்குக் கூட்டத்துல பேசப்போறேன். அடுத்த வாரமே கழட்டப்போறோம். ரெண்டு போல்ட் போட்டா நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா.”

பந்தயத்துக்கு முன்னாலும் எடையைத்தான் பார்ப்பார்கள். போல்ட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. அது அவரவர் மரியாதைக்கு விட்டது.

கூட்டத்தில் டெல்மர் பேசினார். களம் தொடங்கிய நாளிலிருந்து பேசினார். செம்மண்ணின் புனிதத்தையும், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் குழந்தைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதையும், அவருடைய அப்பா ஒரு தடவை உடைந்த அச்சோடு ஓட்டியும் விதியைக் குறை சொல்லாமல் வீட்டுக்கு வந்ததையும், அப்பேர்ப்பட்ட வம்சத்தின் காதில் இன்று என்ன விழுகிறது என்பதையும் சொல்லி, போதகர் பிரூயிட் இரண்டு தடவை கனைத்தபிறகு முடிவுக்கு வந்தார்.

“நான் என் வண்டிக்காகச் சொல்லல. நடுப்பருவத்துல விதிய மாத்தறது தப்பு. இன்னைக்கு, இந்த நிமிஷம், அத ஒரு விதியாவே போடுங்க. இனிமே பருவம் முடியறவரைக்கும் யாரும் எந்த விதியையும் மாத்தக் கூடாது.”

கைதட்டல் பலமாக எழுந்தது. முதலில் தட்டியவர் ஹாய்ட். டெல்மர் நெகிழ்ந்துபோய் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

லொரெட்டா கொஞ்சம் யோசித்தாள். “நல்ல விதிதான். யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்லையா? சரி, போட்டாச்சு. போதகரே.”

எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். டெல்மரும் கழற்றினார். கண்ணை மூடினார். ஜெபம் பாதி போனபோதுதான் ஒரு கண் மட்டும் திறந்தது. இனி எந்த விதியும் மாறாது. ஈயமும் ஒரு விதி. ஆகவே ஈயம். உதடு பிரிந்தது; ஆனால் ஜெபத்தின் நடுவே பேச அவருக்கு வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. ஆமென் என்றார் போதகர். ஆமென் என்றது கூட்டம். டெல்மரும் சொன்னார், கொஞ்சம் தாமதமாக.

“லொரெட்டாம்மா,” என்று ஓடினார், “நான் சொல்ல வந்தது, ஈயத்த எடுத்துட்டு அப்புறமா…”

“ஆமென் ஆயிடுச்சே, டெல்மர்.”

அதன்பின் அவர் இரண்டாவது போல்ட்டைப் போட்டிருப்பார் என்று நீங்களும் நானும் நினைப்போம். போடவில்லை. போட்டால் தோற்றதாக ஆகிவிடும் அல்லவா? வாராவாரம் ரேலீன் ஞாபகப்படுத்தினாள். வாராவாரம் அவர், “அது கொள்கை விஷயம்மா,” என்றார். கொள்கை ஒற்றைப் போல்ட்டில் தொங்கிக்கொண்டு, செம்மண் மேடு பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி, இலை பழுக்கிற காலம்வரை வந்துவிட்டது.

கடைசிப் பந்தயத்துக்கு முன் ரேலீனும் ஹாய்ட்டும் சமப் புள்ளி. யார் முன்னால் வருகிறாரோ அவருக்குக் கோப்பை. கோப்பை லொரெட்டாவின் மேஜைமேல் இருந்தது. டெல்மர் காலையிலேயே கடைத் தட்டைத் துடைத்துவிட்டு வந்திருந்தார்.

ரேலீன் ஓட்டியதை அன்று பார்த்தவர்கள் குளிர்காலம் முழுக்கப் பேசினார்கள். பின்னாலிருந்து புறப்பட்டு, மண் காய்ந்து வழுக்குகிற வெளி விளிம்புத் தடத்தைப் பிடித்து, சுவரை உரசுகிற மாதிரி போய், உரசாமல், கடைசிச் சுற்றுகளில் ஹாய்ட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் முன்னால் வந்தாள். டெல்மர் அழுதார். அழுதபடியே அவளைக் கட்டிக்கொண்டார். “உனக்கு ஆஸ்பத்திரி வேலை எதுக்கும்மா?” என்றுகூடக் கேட்டார்.

பிறகு எடை மேடை.

முள் நின்ற இடத்தை லொரெட்டா ஒரு முறை பார்த்தாள். வண்டியை இறக்கச் சொல்லி, மறுபடி ஏற்றி, இன்னொரு முறை பார்த்தாள். ஐம்பது பவுண்டு குறைந்தது. அந்த நேரத்தில் ஹாய்ட், மூன்றாவது திருப்பத்திலிருந்து நடந்து வந்தார். கையில் வெள்ளைக் கட்டி. அதில் ரேலீனின் வண்டி எண்.

“உன் சாமான், டெல்மர்,” என்றார். அவர் சிரிக்கவில்லை. “உள்பக்கத் தடத்துல கெடந்தது. நல்ல வேளை, யாரும் அது மேல வண்டிய ஏத்தல.”

டெல்மர் அதை வாங்கவில்லை. “லொரெட்டாம்மா, இது கடைசி சுத்துல விழுந்திருக்கும். அதுவரைக்கும் சுமந்துக்கிட்டுத்தானே ஓடினா? பொண்ணு ஓட்டினத நீங்களே பாத்தீங்க.”

“பாத்தேன். கண்ணு நிறைய பாத்தேன். மேடைக்கு அது தெரியாதே.”

“இந்த ஒரு தடவை. விதிய மாத்தச் சொல்லல. விளங்கிக்கச் சொல்றேன்.”

“நடுப்பருவத்துல மாத்தக் கூடாதுன்னு நீதான் விதி போட்ட.”

“பருவம் முடிஞ்சாச்சே!”

“பருவம் எப்ப முடியுது, டெல்மர்? கோப்பை கைக்குப் போறப்ப. கோப்பை இன்னும் என் மேஜைமேல இருக்கு.”

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். இருந்தது.

ஹாய்ட் ஏதாவது பெருந்தன்மையாகச் சொல்வார் என்று கூட்டம் ஒரு கணம் எதிர்பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். “நான் எனக்காகச் சொல்லல,” என்றார். “விளையாட்டுக்காகத்தான். விதின்னா விதி.”

ரேலீன்தான் அந்தக் கட்டியை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓட்டை அறுந்து அகன்றிருந்தது. இன்னொரு ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்தாள்.

“இதுல பெயிண்டுகூட உரியல, அப்பா,” என்றாள்.

நர்ஸ் வேலைக்குப் போகிற அன்று கடைக்கு வந்து, கோப்பைக்கான தட்டில் அந்தக் கட்டியை வைத்துவிட்டுப் போனாள். டெல்மர் அதை எடுக்கவில்லை. டயர் மாற்ற வருகிறவர்களிடம் அதைக் காட்டி, பாதி பருவத்தில் விதி மாற்றியதால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்வார். போல்ட்டைப் பற்றி யாராவது கேட்டால், அவர்கள் டயரில் காற்று குறைவாக இருப்பது அவர் கண்ணில் படும்.

பனிக்காலத்தில் லொரெட்டா எல்லோரையும் கூப்பிட்டாள். ஓட்டம் இல்லாத நேரம்; எந்த விதியையும் தாராளமாக மாற்றலாம்; சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார்கள். ஹாய்ட் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்மர் மட்டும், இருக்கிற விதிகளே போதும், எல்லாம் நல்ல விதிகள் என்றார். யார் ஜெயிக்கப்போகிறார் என்று தெரியாதபோது எது அநியாயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்படி ஒரு ஆளா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் ஒன்று. ஹாய்ட்டின் வண்டியில் ஈயம் ஏற்றினார்களே, அந்தப் பத்தியை நீங்கள் நின்று படித்ததாக எனக்கு நினைவில்லை. ரேலீன் கோப்பையை இழந்த இடத்தில்தான் உங்களுக்கு மனசு கேட்கவில்லை. அந்த லொரெட்டா அம்மாள் இந்த ஒரு தடவை கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாமே என்று, நடுக் கதையில், ஒரு விதியை மாற்றப் பார்த்தீர்கள்.

உங்களுக்காக இல்லை, எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்காகத்தான்.