பரண்மேல் ஒரு கூகை

நகல் எழுதும் குமாஸ்தாவாகவே சாகப்போவதில்லை என்று 1960-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் பாலகுரு சபதம் செய்தான். பறவைக் குரல்களைப் பதிவு செய்யும் உத்தியோகம் ஒன்று அவனுக்காகக் காத்திருந்தது. கொடுப்பவர் முசியே ராமலிங்கம். ஓய்வு பெற்ற பிரெஞ்சு வாத்தியார் என்பதால் 'ஐயா' போய் 'முசியே' ஆனவர். ஊசுடு ஏரிப் பறவைகளைச் சுட்டுத் தின்பதைத் தடுக்க ஒரு சின்னச் சங்கம் நடத்தினார். என்னென்ன பறவை வருகிறது என்று சர்க்காருக்குக் குரல் சாட்சி காட்ட வேண்டுமாம். அதற்காக வரவழைத்த பாட்டரி டேப் ரிக்கார்டரைப் பழகிக்கொள்ளச் சொல்லி பாலகுருவிடமே கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, குடும்பத்தோடு ஏரிக்கரை வீட்டில் தங்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

குடும்பம் என்பது ரஞ்சிதம். முத்தியால்பேட்டைப் பெண்களில் பாதிப்பேரின் ரவிக்கை அவள் தையல் மெஷினில்தான் பிறந்தது.

"ஏரிக்கரைக்கா? அங்க வந்து நாரைக்கு ரவிக்கை தைக்கவா?"

"நல்ல காத்து வரும்டி."

"காத்து இங்கயும் வருது. நீங்க மட்டும் போங்க."

"சோறு யாரு ஆக்கறது?"

"அதானே பாத்தேன்!"

கெஞ்சிப் பயனில்லை. பயமுறுத்த வேண்டியதுதான். வீட்டின்மேல் கூகை கத்தினால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது ஊரறிந்த விஷயம். கல்லறைப் பக்கத்துப் புளியமரத்தில் ஒரு கூகையின் அலறலைப் பதிவு செய்தான். முன்னால் கால் மணி நேரம் டேப்பைச் சும்மா ஓடவிட்டிருந்தான். சாயங்காலம் ரிக்கார்டர் பெட்டியைப் பரணில் வைத்து முடுக்கிவிட்டு, இறங்கிவந்து அப்பாவியாகக் காப்பி குடித்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அலறல் கேட்டது. புதுத்துணியை நீளமாகக் கிழிக்கிற மாதிரி ஒரு குரல். அவனே பதிவு செய்ததுதான், ஆனாலும் பாலகுரு துள்ளி எழுந்தான்.

"கூகைடி! வீட்ட மாத்திடணும். இல்லன்னா ஆவாது."

ரஞ்சிதம் பரணை நிமிர்ந்து பார்த்தாள். "மூணு நாள் கத்துனாதான கெட்டது? பாப்போம்."

இரண்டாம் நாளும் கத்தியது. அவள் தையலை நிறுத்திவிட்டுப் பரணையே பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று பாலகுரு உள்ளூர மகிழ்ந்தான்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. வானம் கறுத்துக் கிடந்தது. கரண்டும் போயிற்று. அன்றும் பாலகுரு பெட்டியை முடுக்கிவிட்டுத்தான் இறங்கியிருந்தான். சிம்னி வெளிச்சத்தில் ரஞ்சிதம் எதிரே உட்கார்ந்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு துணி மடித்தாள். கூகை கத்தவேண்டிய நேரம் வந்தது. கத்தவில்லை. பரணில் யாரோ மூச்சுவிட்டார்கள். தொண்டையில் சளி அடைத்த ஆள் மாதிரி, புஸ்... புஸ்... என்று. ஒருவர் அல்ல, நாலைந்து பேர். பிறகு சட்டென்று நின்றது.

"பாலகுரு..."

பெண் குரல். வீட்டிலிருந்த ஒரே பெண் வாயில் ஊசியோடு எதிரே இருந்தாள். அதுவுமில்லாமல், கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அவன் பேரை உச்சரித்தவள் இல்லை.

"பாலகுரு... ஏரிக்குப் போவாத... தண்ணி உனுக்காவ காத்துகினு இருக்குது..."

"உ... உனக்குக் கேட்டுச்சா?"

ரஞ்சிதம் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "இன்னா கேட்டுச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே!"

அதுதான் அவனை உலுக்கிவிட்டது. பரணில் மறுபடியும் மூச்சு தொடங்கியது. செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினான். முசியே ராமலிங்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டி, "வேலை வேணாம் முசியே, உசுரு போதும்" என்று கைப்பட எழுதியும் கொடுத்துவிட்டு வந்தான்.

விடிந்ததும் காய்ச்சல். அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ரஞ்சிதமே திருப்பிக் கொடுக்கப் போனாள். பத்து மணிக்குத் திரும்பியபோது கையில் பெட்டியும் இருந்தது, ஒரு காகிதமும் இருந்தது.

"முசியே டேப்பப் போட்டுக் கேட்டாரு. புஸ்ஸு புஸ்ஸுன்னு வருதே, அது கூகைக் குஞ்சுங்களாம். நம்ம பின்னாடி பூட்டிக் கெடக்குதே வெள்ளக்காரன் வீடு, அது மாடியில கூடு கட்டிருக்குது. பரண்ல இருந்த பெட்டிய எடுத்துகினு அங்க ஏறித்தான் நான் டேப்புல புடிச்சேன். 'டவுனுக்குள்ள கூகைக் கூடா! காப்பாத்தணுமே! இவ்ளோ தெளிவா எப்பிடிம்மா பதிஞ்ச?'ன்னு கேட்டாரு. தையல் மெஷின் ஓட்றவளுக்கு இது இன்னா பெரிய வித்தைன்னேன். ஏரி இருக்கட்டும், டவுன் பறவைங்கள வூட்ல இருந்தே நீ பதிவு பண்ணும்மான்னு வேலைய எனக்கே குடுத்துட்டாரு."

பாலகுரு எழுந்து உட்கார்ந்தான். காய்ச்சல் இறங்கி, வேறு ஏதோ ஏறியது.

"அப்ப எம்பேரச் சொல்லிக் கூப்ட்டது நீயா?"

"சேச்சே! கட்டுன புருஷன் எதிர்ல பேர் சொல்லலாமா? நீங்க ஆபீசு போனப்புறம் பெட்டிகிட்டதான் சொன்னேன்."

காகிதத்தையும் பேனாவையும் அவன் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க, உத்தியோகக் காயிதம். இதுல புருஷன் பேருன்னு ஒரு எடம் இருக்குது. எனக்குக் கூச்சமா இருக்குது, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."