நான் பேயாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை

நான் ஒருமுறை பேயாக இருந்திருக்கிறேன். செத்துப்போகாமலேயே, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்த ஸ்கூட்டரில் போய் அந்தப் பதவியை ஏற்றேன். அதற்கு என்னிடம் இருந்த தகுதி அளவுகடந்த அக்கறை ஒன்றுதான். (அக்கறை மிஞ்சினால் மனிதர் என்ன பாடுபடுவார் என்று என்னைக் கேளுங்கள். என் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம், அவர் இன்னும் விரிவாகச் சொல்வார்.)

போடியில் ஒரு சிறப்புப் பள்ளியில் ஆசிரியை நான். எங்கள் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதானால் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்ற கேள்விக்குப் பல வீடுகளில் கிடைக்கிற பதில் ஒரு பாயும் ஒரு டிவியும்தான். பிள்ளைகளை அந்தப் பாயில் முடங்கவிடாமல், பஸ் ஏறவும் ரோட்டைக் கடக்கவும் ஒரு வேலையைச் செய்யவும் பழக்கிவிடுவது என் பொறுப்பு. இருபத்தாறு வயதில் அது என் கைக்கு வந்தபோது, மொத்த மலைத்தொடரையும் நானே தாங்கிப் பிடித்திருப்பதாக நினைப்பு.

முத்துலட்சுமிக்கு அப்போது பத்தொன்பது வயது. எதையும் கற்றுக்கொள்ள மற்றவர்களைவிட நாலைந்து மடங்கு நேரம் எடுப்பாள். கற்றுக்கொண்டதை எந்தச் சாமி வந்து சொன்னாலும் மாற்றமாட்டாள். ஏலக்காயைக் காம்பு கிள்ளி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிப்பதில் அவள் கை தப்பி நான் பார்த்ததில்லை. போடியில் அந்த வேலைக்கு இடம் ஏராளம். ஆனால் கடைகளில் ஓடும் மிஷின் சத்தம் அவளுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அலைந்து திரிந்ததில் குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில், காய் உலர்த்தும் கட்டடத்தில் இடம் கிடைத்தது. அதை அங்கே ஸ்டோர் என்பார்கள். தரம் பிரிக்க எட்டுப் பெண்கள், அவர்களின் பேச்சு, அவ்வளவுதான் சத்தம்.

அந்தப் பெண்களுக்கு மேஸ்திரியான ராக்கம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"புள்ள தானா வரணும், தானா போகணும் டீச்சர். கூடவே ஒரு ஆளு வந்து ஒக்காந்தா எங்க சோலி கெட்டுப்போகும்."

முத்துவின் அம்மா பவுன்தாயின் நிபந்தனை இன்னும் கடுமை. "மொத நாளே ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அதோட சரி. ஏம் புள்ள வீட்டுலயே இருக்கட்டும். நான் இருக்குற வரைக்கும் கஞ்சி ஊத்தமாட்டனா?"

அவர் இல்லாத காலத்தில் யார் ஊற்றுவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஒன்றரை மாதம் நான் கூடவே போய் முத்துவுக்கு அந்த வழியைப் பழக்கினேன். அதே பஸ், குரங்கணியில் அதே நிறுத்தம், ஓடைப் பாலம், அங்கிருந்து ஏலக்காட்டுக்குள் கால்மணி நேர ஒற்றையடிப் பாதை. நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பேன்.

"யாராவது பின்னால வந்தா?"

"திரும்பமாட்டேன். ஓடமாட்டேன். ஆளுக இருக்குற எடத்துக்கு நேராப் போயிச் சொல்லுவேன்."

அவள் தனியாகப் போகவேண்டிய முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம், பின்னாலேயே போகமாட்டோம் என்று பவுன்தாயும் நானும் கையடித்துச் சத்தியம் செய்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் குரங்கணி பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, முடி காயாததால் நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டிருந்தேன். வெறுந்தலையோடு போகாதே என்று அம்மா இரண்டு முழம் மல்லிகைப்பூவை வைத்துவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஆசிரியைகள் எல்லாரும் கட்டுகிற வெளிர் சந்தன நிறச் சேலை. யாருக்கும் தெரியாமல் ஒருத்தியைப் பின்தொடரப் போகிற ஆள் உடுத்திய உடுப்பு இது.

முத்து பஸ்ஸை விட்டு இறங்கினாள், சரியான பக்கம் திரும்பினாள், பாலத்தைத் தாண்டினாள். பார்த்தாயிற்று, திரும்பிவிடலாம். நான் திரும்பவில்லை. ஸ்கூட்டரை டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே நடந்தேன்.

ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே இருபுறமும் வளர்ந்து பாதையை மூடிக்கொண்டிருந்தன. நாலு நாளாகப் பெய்த மழை நின்று, மலையிலிருந்து மஞ்சு என்கிற மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. கீழே வெயிலடிக்கும்போதே மேலே இப்படி ஒரு வெள்ளை இருட்டு வரும். பத்தடிக்கு அப்பால் மரம் எது, ஆள் எது என்று தெரியவில்லை. ஓடைச் சத்தம் வலப்பக்கம் கேட்டது, பிறகு இடப்பக்கம் கேட்டது, பிறகு கேட்கவே இல்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் யாரோ மெதுவாக எண்ணுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மஞ்சு சற்று விலகியபோது முத்துவின் சிவப்புக் குடை தெரிந்தது. குடைக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு உருவம் போய்க்கொண்டிருந்தது.

தலையில் வெள்ளை உரச்சாக்கைக் கூம்பாக மடித்துப் போட்டிருந்தது. மழைக்குத் தோட்டத்தில் எல்லாரும் போடுவதுதான், வேலைக்குப் போகிற பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் குடை நின்றபோது உருவமும் நின்றது. குடை நகர்ந்ததும் அதுவும் நகர்ந்தது. ஈர இலையும் சுள்ளியுமாகக் கொட்டிக் கிடந்த பாதையில் அதன் காலடிச் சத்தம் துளிகூட இல்லை. காலைப் பார்க்கலாம் என்றால், முழங்காலுக்குக் கீழே மஞ்சு மட்டுமே இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் என் காதில் விழுந்தது. ஜல், ஜல். மிக மெலிதாக, மிக அருகில். நான் நின்றேன், அது நின்றது. நடந்தேன், வந்தது. பின்னால் திரும்பிப் பார்க்க என் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

"அக்கா," என்று முன்னால் போன உருவத்தைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

உருவம் நின்றது. மெல்லத் திரும்பியது. சாக்குக்குள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குழி. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு அது செடிகளுக்குள் பின்வாங்கி மறைந்தது. இலைகள் ஆடி நின்றன. நான் ஏழு தெய்வங்களுக்கு வேண்டிக்கொண்டேன். (அதில் மூன்றுக்கு இன்னும் பாக்கி.)

முத்துவின் குடையும் காணோம். பயத்தைவிட அதுதான் என்னைக் கொன்றது. என் பிள்ளையை இந்தக் காட்டுக்குள் அனுப்பியது நான். அவளுக்கும் அந்த உருவத்துக்கும் நடுவில் யாரும் இல்லை. செடிகளைப் பிடித்துப் பிடித்து, வந்த திசை எது போகும் திசை எது என்று தெரியாமல் நகர்ந்தேன்.

எங்கோ முன்னால் ஸ்டோர் பக்கமிருந்து முத்துவின் குரல் வந்தது. பாடம் ஒப்பிக்கிற அதே குரல். "என் பின்னாடி ரெண்டு பேரு வர்றாக."

பிறகு ஒரு பெண் அலறினாள். "அய்யோ, மல்லிகைப்பூ வாசம் வருதுடீ!"

தகரத்தைத் தட்டும் ஓசை கிளம்பியது. விளக்குமாறும் செருப்புமாக எட்டுப் பெண்கள் மஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். நான் பின்பக்கமாகவே எட்டு வைத்து நகர்ந்தேன். முதுகில் ஏதோ இடித்தது. ஈரமாக, சில்லென்று. அதுவும் பின்னோக்கி நகர்ந்து வந்திருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

நான் போட்ட கூச்சல் மேலே இருக்கும் ஊர்வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். சாக்கு உருவம் "ஆத்தா காப்பாத்து" என்று என் கழுத்தையே கட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில் இருவரும் சறுக்கிப் பாதை வளைவில் இருந்த தண்ணீர்க் குழிக்குள் விழுந்தோம். ராக்கம்மாவின் விளக்குமாறு முதல் அடியை என் தலையில்தான் வைத்தது. மல்லிகைப்பூ நாலு பக்கமும் பறந்தது.

பெண்களை விலக்கிக்கொண்டு முத்து வந்தாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர்," என்றாள். பிறகு சாக்கைப் பார்த்து, "அம்மா," என்றாள். வருகைப் பதிவு எடுக்கிற குரலில்.

பவுன்தாய்தான். விடியற்காலையிலேயே முதல் பஸ்ஸில் வந்து, பாலத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து, சத்தம் வரக்கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மகளைப் பின்தொடர்ந்திருக்கிறார். என் பின்னால் வந்த ஜல் ஜல், என் காலில் கிடந்த என்னுடைய கொலுசு. இரண்டு வருஷமாகக் கழற்றாததால் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்திருந்தது. நான் "அக்கா" என்று கூப்பிட்டதைக் கேட்டுத்தான் பின்னால் இரண்டு பேர் என்று முத்து கணக்குப் போட்டிருக்கிறாள்.

சிரிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. ராக்கம்மாவின் முகம் இறுகிவிட்டது. "தானா வரணும்னு சொன்னேன்ல? தெனம் இப்பிடி ரெண்டு பேரு வந்தா, நாளைக்கு ஒருத்தியும் இந்தப் பாதையில நடக்கமாட்டா."

பவுன்தாய் குழியிலிருந்து ஏறியதும் மகளின் கையைப் பிடித்தார். "வா ஆத்தா, வீட்டுக்குப் போவோம். மொத நாளே இப்பிடி ஆயிப்போச்சு."

இருவரின் நிபந்தனையும் ஒரே காலையில் உடைந்துவிட்டது. உடைத்தது நான். ஒன்றரை மாத உழைப்பையும் அந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

முத்து கையை உருவிக்கொண்டாள்.

"நான் தானாத்தான் வந்தேன். இவுக ரெண்டு பேருந்தான் பின்னாடி வந்தாக," என்றாள் ராக்கம்மாவிடம். "நான் திரும்பல. ஓடல. வந்து சொன்னேன். இவுகளை பஸ்சுல ஏத்தி விடுங்க. நாலு மணி பஸ்சுக்கு நான் வர்றேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காம்பு கிள்ள ஆரம்பித்தாள். அந்த மலையில் அன்று காலை ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். ராக்கம்மா அவளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புள்ள சொல்றது ஞாயந்தானே. புள்ள இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வெரசாக் கெளம்புங்க."

பவுன்தாயை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மலையடிவாரம் வந்ததும் அவர் சொன்னார். "நான் இல்லாட்டி இவளால ஒண்ணும் முடியாதுன்னே நெனச்சிட்டேன் டீச்சர்." நானும் அதையேதான் நினைத்திருந்தேன். நான் இல்லாவிட்டால் என்று. நாலு மணி பஸ் போடிக்கு வந்தபோது முத்து அதிலிருந்து இறங்கினாள்.

நாங்கள் விழுந்த அந்த வளைவுக்கு இப்போது டீச்சர் முக்கு என்று பெயர். மறு வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் குரங்கணிக்காரச் சித்தப்பா ஒருவர் காப்பியை வாயில் வைத்துவிட்டு, "அந்தப் பேய் டீச்சரு நீதானாம்மா?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்குப் புரையேறியது. இருந்தும் கட்டிக்கொண்டார். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் விளக்குமாற்றை எடுத்துக் கதவோரம் வைக்கிறார்.

நாலு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுன்தாய் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், இவ தேனியில நிக்கிறாளாம்! செருப்பு வாங்கப் போனாளாம். போய்ச் சேந்துட்டுத்தான் எனக்கே சொல்றா!" பதற்றப்படாதீர்கள், அவள் வந்துவிடுவாள் என்று ஆசிரியைக்குரிய நிதானத்தோடு சொன்னேன். பத்து நிமிஷத்தில் நான் போடி பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். சிமெண்டுப் பெஞ்சில் பவுன்தாய் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இடம் விட்டு உட்கார்ந்தோம்.

மூன்றாவது தேனி பஸ்ஸில் முத்து வந்தாள், காலில் புதுச் செருப்போடு. படியிலிருந்து இறங்கும்போதே எங்களைப் பார்த்துவிட்டாள். பெஞ்சிலிருந்து எழுந்து இரண்டு பேர் அவளை நோக்கி ஓடி வருவதைக் கண்டு, யாரம்மா இவர்கள் என்று கண்டக்டர் கேட்டார்.

"நம்ம பேய்ங்கதாண்ணே," என்றாள் முத்து. "ஒண்ணும் செய்யாது."