எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம்

ராஜபாளையம் தாலுகா ஆபீஸில் உதவியாளராக இருந்த சௌந்தரபாண்டியனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாறுதல் வாங்கிக் குடிபோக வேண்டும். பஸ் ஏறினால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத் தொலைவை நினைத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணமான முதல் வருஷம் அவரும் வேலுத்தாயும் அங்கேதான் ஒரு மாடி அறையில் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் முழுசாகத் தெரியும். சாயங்காலம் தலையில் மல்லிகையோடு பக்கத்தில் வந்து நிற்பாள். எதுவும் பேசமாட்டாள். திடீரென்று தானாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவர் கையிலிருக்கும் ஃபைலை மூடி வைத்துவிடுவார். அதற்குப் பிறகு ஆறு வாடகை வீடுகள். எந்த ஜன்னலைத் திறந்தாலும் அடுத்த வீட்டுச் சுவர்.

தொண்ணூற்று நாலில் ராஜபாளையத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. வாங்கியே தீரவேண்டும் என்றாள் வேலுத்தாய்.

"வாங்குவோம். ரெண்டு வருஷத்துல மாறுதல் வந்துரும். வித்துட்டுக் கிளம்பிருவோம்" என்று அவர் சம்மதித்தார்.

வீட்டுக்கடன் கம்பெனி மேனேஜர் காசிராஜன் விளக்கினார். "ரெண்டு திட்டம் இருக்கு சார். முதல் திட்டத்துல வட்டி கம்மி. ஆனா பத்து வருஷத்துக்குள்ள அடைச்சா அபராதம் ஜாஸ்தி. அடுத்ததுல வட்டி கொஞ்சம் கூட. எப்ப வேணாலும் அடைக்கலாம். சீக்கிரம் வீட்டை விக்கிறவங்களுக்கு அதுதான் லாபம்."

"ரெண்டாவதே போதும்" என்றார் சௌந்தரபாண்டியன்.

வேலுத்தாய் குறுக்கிட்டாள். "மாறுதல் வரலைன்னா?"

"வரும்."

"போன தடவையும் இதத்தான சொன்னீக."

"அப்ப வேற கலெக்டர்."

"அதுக்கு முந்தி?"

"அது எலெக்சன் வருஷம்."

"சரி, நீங்க சொன்னா சரிதான்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டபோதே அவர் பயந்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடவேண்டிய வாரம் ஜமாபந்தி. கிராமக் கணக்குகளுக்கு நடுவில் தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார். வேலுத்தாயே பத்திரங்களை ஆபீஸுக்குக் கொண்டுவந்தாள். தலையில் மல்லிகை.

"பென்சில்ல பெருக்கல் குறி போட்ட இடத்துல எல்லாம் போடுங்க."

சாதிச் சான்றிதழையே மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற மனிதர், பூ வாசத்தில் கிறங்கிப் பதினோரு இடத்தில் போட்டுக் கொடுத்தார்.

சொன்னபடி ரெண்டு வருஷத்தில் மாறுதல் உத்தரவு வந்தேவிட்டது. கடனை அடைக்கும் வழி கேட்டுக் காசிராஜனிடம் ஓடினார். அவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "நீங்க எடுத்தது முதல் திட்டம் சார். இப்ப அடைச்சா அபராதம் ஒங்க நாலு மாசச் சம்பளம். இந்தா, ஒங்க கையெழுத்து."

நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி, தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"தெரிஞ்சுதான்."

"அந்த ஜன்னல்ல நாம ரெண்டு பேரும் நின்னதெல்லாம் மறந்துபோச்சா ஒனக்கு?"

"மறக்குமா? நீங்க கோபுரத்தப் பாத்தீக. நான் கீழ தெருக்குழாயில என் குடம் எத்தனாவது எடத்துல இருக்குன்னு பாத்தேன். தூக்கிட்டு ஏற இருபத்திரெண்டு படி."

அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "சிரிச்சியே, வேலுத்தாயி?"

"குடம் முன்னால போயிருக்கும்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளும் தணிந்தாள். "எனக்கும் ஏக்கம் இருந்துச்சுங்க. ஆறு வீட்லயும் ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டு நின்னேன். இங்க யாரையும் கேக்க வேண்டாம்."

அவர் சுவரைப் பார்த்தார். ரெண்டு காலண்டர்தான் தொங்கின. ஆணிகள் பதினாலு இருந்தன. மற்றதெல்லாம் ஆசைக்கு அடித்தது போலிருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"அப்ப மாறுதல் வேண்டாம்னு எழுதிக் குடுத்துரவா?"

"எதுக்கு? ஆசப்பட்டு வாங்கினது. போங்க. பக்கத்து வீட்டு மாரிச்சாமி வாத்தியார் தினமும் அங்கதான போறாரு? எட்டரை பஸ்ஸுல ஒங்களுக்கும் சீட்டுப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்."

"உத்தரவே இன்னைக்குத்தான வந்துச்சு. எப்பச் சொன்ன?"

"கடன் வாங்குன அன்னைக்கே."

அடுத்த திங்கட்கிழமை சௌந்தரபாண்டியன் தன் கனவு ஊரில் குடியேறினார், காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை.