ஆணியில் தொங்கிய கையுறை

இனிமேல் இந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம் என்று அன்று காலை முடிவெடுத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி பக்கத்தில்தான் இருந்தாள்.

விஷயம் இதுதான். முக்கால் ஏக்கரில் கத்தரி போட்டிருக்கிறேன். பூச்சிமருந்தைப் பத்திரமாக அடிப்பது எப்படி என்று விவசாய ஆபீசில் வாராவாரம் வகுப்பு வைத்தார்கள். இருபது வருஷமாக மருந்து அடிக்கிறவனுக்குப் பாடமா? "நீயே போயிட்டு வா" என்று பெருந்தன்மையாக மனைவியை அனுப்பினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கையுறை, முகமூடி, முழங்கால் வரை ஒரு கோட்டு, கூடவே பதினோரு விதிகளுடன் வந்து சேர்ந்தாள்.

அந்த வேஷத்தில் என்னைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மானம் கப்பலேறியது. அதனால்தான் திட்டம் போட்டேன். வீட்டிலிருந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்புவது. மோட்டார் ரூமில் கழற்றி ஆணியில் தொங்கவிடுவது. திரும்பும்போது தண்ணீரில் நனைத்து மறுபடி மாட்டிக்கொள்வது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று அலமாரியில் இருந்த புதுப் பாட்டில் மருந்தைக் கலக்கும்போது கை மஞ்சளானது. வழக்கம்தான். ஆனால் நாற்றமே இல்லை. உசத்தியான சரக்கு போலிருக்கிறது என்று நாலு டேங்க் அடித்தேன்.

வீட்டு வாசலிலேயே நாலு வயசு மகள் ஓடி வந்தாள். கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அவள் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினேன்.

"கையுறை போட்டீங்களா?" என்றாள் மனைவி.

"போடாம?"

"முகமூடி?"

"அதைப் போட்டுக்கிட்டு மூச்சே விட முடியல, போ!"

"பீடி?"

"சேச்சே! முகமூடியோட எப்படிப் பிடிக்கிறது?"

"சரி. சோப்பு போட்டுக் குளிங்க."

போட்டேன். கை சிவந்தது. கழுத்து, காது, உதடு, தொடை எல்லாம் சிவந்தது.

"அடியே, ஓடி வா! மருந்து உடம்புல ஏறிடுச்சு! வண்டியைக் கூப்பிடு! நான் கையுறை போடல! முகமூடி போடல! பீடியும் பிடிச்சேன்!"

கதவுக்கு வெளியே நிதானமான குரல் கேட்டது.

"ஒண்ணும் ஆகாது. அது மஞ்சள் தூள். மருந்தைப் பூட்டி வச்சிட்டு, வேற பாட்டில்ல அதைக் கரைச்சு வச்சேன். சோப்பு பட்டா மஞ்சள் செவக்கும்."

சண்டை போடத்தான் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மகளின் கன்னத்தைத் துடைத்தாள். அதில் என் விரல் தடங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகத் தெரிந்தன. கட்டைவிரல், குழந்தையின் வாயோரத்தில்.

"இது மருந்தா இருந்திருந்தா?"

இருபது வருஷத்தில் முதல்முறையாக மகளை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது.

"இனிமே போடறேன்" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். மிச்சச் சிவப்பைத் தேய்த்துக் கழுவத் திரும்பினேன்.

"இருங்க" என்றாள். "நாளைக்கு வகுப்புல பாடம் எடுக்கறது நான்தான். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் முன்வரிசையில இடம் போட்டாச்சு. அதுவரைக்கும் குளிச்சிடாதீங்க."