என்ன படிச்சிருக்கீங்க?

"காலை இதுக்குள்ள வைங்க சார், சூடு பதமா இருக்கு," என்று அழகு நிலையத்துப் பெண் வெந்நீர்த் தொட்டியை நகர்த்தினாள்.

மீட்டர்காரர் காலை வைக்கவில்லை. நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவர் வேலை. வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே, ஒரு மாதமாக என்னவோ கல் மாதிரி முளைத்துப் படிக்குப் படி உயிரை எடுத்தது. போதாக்குறைக்கு உடம்பில் சர்க்கரை வேறு. இன்று பொறுக்க முடியாமல், வேலை நடுவே, சீருடையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக நேரே வந்திருந்தார்.

வலியைவிட அக்காவின் ஃபோன்தான் அவரை அதிகம் பயமுறுத்தியிருந்தது.

"டேய், உங்க அத்தானுக்கு விரல் எப்படிப் போச்சு? பாலிஷ் போடுற கடையில போய் கால் ஆணியை வெட்டிக்கிட்டாரு. சீழ் வெச்சு, இப்ப ஒன்பது விரலோட நிக்கிறாரு. காலைத் தொட வர்றது யாரா இருந்தாலும் என்ன படிச்சிருக்காங்கன்னு கேளு. நீ மறந்துடுவ, எழுதி வெச்சுக்கோ."

மீட்டர்காரர் நோட்டையும் பேனாவையும் எடுத்தார். "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு வாரக் கோர்ஸ் சார். நகம் வெட்டுறது, பாலிஷ் போடுறது. அவ்வளவுதான்."

"சான்றிதழ் இருக்கா?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சார், இந்தக் காலை நான் தொடவே இல்ல. தொடவும் மாட்டேன். தயவு செஞ்சு வேற எங்கயாவது காட்டுங்க."

மீட்டர்காரர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தொட மாட்டேன் என்கிறாளே! அவ்வளவு முற்றிவிட்டதா?

நொண்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனார். 'பாத நல நிபுணர்' என்று பெரிய பலகை. உள்ளே வெள்ளைக் கோட்டு, கையில் பளபளவென்று சின்னக் கத்தி.

"உக்காருங்க, ஒரே சீவு. பறந்துடும்."

"அதுக்கு முன்னாடி, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

நிபுணரின் கையிலிருந்த கத்தி முதுகுக்குப் பின்னால் போனது. "ஆறு மாசப் பயிற்சி… சர்ட்டிபிகேட் வீட்ல இருக்கு சார்."

"சர்க்கரை இருக்கிற காலுக்கு நீங்க கத்தி வைக்கலாமா?"

"வைக்கவே கூடாது சார்! வெச்சதே இல்ல!" நிபுணர் அவசரமாக வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். பிறகு மீட்டர்காரரின் கையைப் பிடித்து வாசல்வரை நடத்திப்போய், கதவைத் திறந்துவிட்டு, கும்பிடு போட்டார். "உடம்பைப் பாத்துக்குங்க சார்."

பிறந்ததிலிருந்து யாரும் மீட்டர்காரருக்குக் கும்பிடு போட்டதில்லை. போகிற உயிருக்குத்தான் இப்படி மரியாதை செய்வார்கள்.

தெருக்கோடியில் செருப்புக்குள் வைக்கும் மெத்தை செய்பவர் கடை. மீட்டர்காரர் நொண்டி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "நான் அளவெடுக்கிறவன் மட்டும்தான் சார்! வைத்தியமே பண்றதில்ல!"

மீட்டர்காரர் இன்னும் வாயையே திறக்கவில்லை. நடையைப் பார்த்தே கைவிரித்துவிட்டாரே!

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, என் பிள்ளைங்களைக் கைவிட்டுடாத."

"என்னடா உளர்ற? பட்டம் வாங்கின பாத மருத்துவர்னு இருக்காங்க. அங்க போ முதல்ல!"

பக்கத்துத் தெருவில்தான் இருந்தது பாத மருத்துவமனை. மீட்டர்காரர் படுக்கையில் ஏறிக் காலை நீட்டினார். திரையை இழுத்துவிட்டுக் கையுறை மாட்டிய டாக்டரம்மாவிடம் ஈனஸ்வரத்தில் கேட்டார்: "நீங்க… என்ன படிச்சிருக்கீங்க?"

டாக்டர் சிரித்தார். சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டம், பதிவு எண் எல்லாம் இருந்தன. "நல்லா கேட்டீங்க. நகம் அழகு பண்றவங்க வேற, நல்ல காலுக்குத் தோல் சீவப் பழகினவங்க வேற. உங்களை மாதிரி சர்க்கரைக்காரங்க காலை, ரத்த ஓட்டம், உணர்ச்சி எல்லாம் சோதிச்சுத்தான் தொடணும். அதுக்குத்தான் நாங்க வருஷக்கணக்கா படிக்கிறோம்."

பாதத்தை அங்கங்கே அழுத்தினார். உணர்ச்சி சோதிக்கும் மெல்லிய நைலான் இழையால் தொட்டு, "தெரியுதா? இங்க?" என்றார். கத்தி எடுத்ததும் மீட்டர்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பத்தே நிமிஷம்.

"முடிஞ்சுது. சாதாரண கால் ஆணி."

"அப்போ… காலை எடுக்க வேண்டாமா?"

"செருப்பை எடுங்க. முன்பக்கம் இறுக்குது."

மீட்டர்காரர் பொலபொலவென்று அழுதுவிட்டார். "பின்ன ஏன் மேடம், எல்லாரும் என்னைக் கண்டதும் அப்படி அரண்டு போனாங்க?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள், வெளியே போய்விட்டு ஓடிவந்த நர்ஸின் குரல் திரைக்கு அப்பாலிருந்து மூச்சிரைத்தது:

"மேடம், நம்ம சர்ட்டிபிகேட் எல்லாம் சரியா இருக்குல்ல? கால் வலிக்காரர் மாதிரி நொண்டி நடிச்சுக்கிட்டு ஒரு இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வர்றாராம், பக்கத்துத் தெருவே கடையைச் சாத்திட்டு ஓடுது!"