நிலக்கடலைக்கு உகந்த எர்த்து

ஆறு தெரு ஒலிபெருக்கிகளையும் பஞ்சாயத்து ரேடியோவோடு ஒரே கம்பியில் இணைத்து, மகாஜனங்கள் அனைவரும் ஏககாலத்தில் அறிவு பெற வேண்டும் என்று மேலிடத்தில் தீர்மானமாயிற்று. வத்தலக்குண்டுப் பக்கம் எங்களூரில் அதுவரை அறிவு தனித்தனியாகத்தான் வந்துகொண்டிருந்தது. சிலருக்கு வரவும் இல்லை.

வயர்மேன் ராயப்பராஜ் ரேடியோவின் தகரப் பெட்டியைத் தொட்டதும் கையை உதறினார்.

"எங்கயோ லீக் ஆகுது சார். எர்த்து டெஸ்ட் பண்ணாம ஸ்பீக்கர மாட்டக்கூடாது. ஆபீஸ் கூட்டுற பேச்சாயி அக்கா தெனமும் ஈரத்துணி வச்சுத் தொடைக்கும். உசுரு போயிரும்."

அதிகாரி கருப்பணன் யோசித்தார்.

"எர்த்துன்னா என்னய்யா?"

"மண்ணுதான் சார். ஆனா..."

"மண்ணுன்னா விவசாய இலாகா. நமக்கெதுக்கு வம்பு?"

ஆபீஸ் வாசல் மண் ஒரு படி, அரக்கு முத்திரையோடு திண்டுக்கல் போயிற்று. பதினோராம் நாள் பதில் வந்தது: 'மேற்படி எர்த்து பரிசோதிக்கப்பட்டது. நல்ல செம்மண். நிலக்கடலைக்கு மிகவும் உகந்தது.'

"பாத்தீரா, உகந்தது!"

"அது கடலைக்கு சார். கரண்டுக்கு இல்ல."

"கடலைக்கே உகந்த மண்ணு கரண்டுக்கு ஆகாதா? நாளைக்குத் தொறப்பு விழா. மாட்டலேன்னா உம்ம வேலை போயிரும்."

பிள்ளைகுட்டிக்காரர், பாவம், மாட்டினார். மாட்டிவிட்டு நேரே பேச்சாயி வீட்டுக்குப் போய், "அக்கா, அந்தப் பெட்டியத் தொட்டுராத" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் பெட்டியைத் துடைக்கச் சொன்னபோது, பேச்சாயி துணியைக் கீழே வைத்தாள். "நான் மாட்டேஞ்சாமி."

"அறியாமை!" என்றார் அதிகாரி.

போட்டோவுக்காக, ஒற்றுமையைக் காட்டும் பொருட்டு, ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதிகாரியோடு கைகோத்து நின்றோம். அவர் இன்னொரு கையைப் பெட்டிமேல் கம்பீரமாக வைத்தார்.

அடேயப்பா! கூத்தாடிக்குக்கூட அம்புட்டு ஆட்டம் வராது. ராயப்பராஜ் பாய்ந்துபோய் ஃபியூஸைப் பிடுங்கியிராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

மறுவாரம் அறிக்கை தயாரானது: 'ரேடியோவைத் தொட்ட மாத்திரத்தில் ஊர்ப் பெரியவர்கள் மெய்சிலிர்த்தனர்.' சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். பொய் ஒன்றும் இல்லையே என்று பன்னிரண்டு பேரும் போட்டோம்.

அடியில் இன்னொரு தாள் இருந்தது. எர்த்து உகந்தது என்று சான்று இருக்கையில், அனுமதியின்றி ஃபியூஸைப் பிடுங்கி விழாவைக் கெடுத்த ராயப்பராஜை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு. அதற்கும் சாட்சி வேண்டுமாம்.

பேனா கையில்தானே இருந்தது. போட்டோம்.