வாளைக் கருவாட்டின் மேல் நிச்சயப் புடவை

பழவேற்காட்டு ஏரியில் காற்று திசை மாறுவதே காக்காவோட்டியின் வாய்க்குப் பயந்துதான். பசியாவரத்துத் தீவில் அவள் தொண்டையைத் திறந்தால், அக்கரையில் டச்சுக்காரன் கல்லறை வாசலில் செதுக்கி வைத்த எலும்புக்கூடுகூடத் திரும்பிப் பார்க்கும். கருவாடு காயும் மணலில் காகம் விரட்டி விரட்டியே அந்தப் பேர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கே நினைவிருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, மீன் காய வைப்பதும் அடுத்தடுத்த மணலில். எனக்கு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவனை நிச்சயம் பண்ணியிருந்தார்கள். மழைக்காலம் முழுக்க அவன் படகு வருகிறதா என்று பார்த்தே எனக்குக் கண் பூத்துப்போயிற்று. மழை விட்டதும் அவனுக்கு எளாவூரில் ஒரு டீக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் வந்தது. கடலுக்குப் போகாமல் கல்லாவில் உட்காரலாம் என்றதும் அந்த ஆம்பிளைக்கு என் முகம் மறந்துபோயிற்று. நேரில் வந்து சொல்லத் துப்பிருந்ததா? அதுவும் இல்லை. என் நைனாவிடம் ஆள் விட்டுச் சொன்னான்.

நான் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். ஊரே வந்து உச்சுக்கொட்டியது. காக்காவோட்டி மட்டும் இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள்.

"இன்னாமே, செத்தா பூட்டான்?"

"இல்ல."

"அப்ப எதுக்கு ஒப்பாரி? அழுதே தீரணும்னா மணலுக்கு வந்து மீன் மேல அழு. எனக்கு உப்பாச்சும் மிச்சமாவும்."

இதுவா ஆறுதல்? கையைப் பிடித்து இழுத்துப்போய் மீன் கீற விட்டாள், உப்புத் தடவ விட்டாள், உச்சி வெயிலில் புரட்ட விட்டாள். அது போதாதென்று, அன்றிலிருந்து வருகிற காகத்தையெல்லாம் அவனாக்கிவிட்டாள்.

"போடா எளாவூர் மாப்ள. போய் டீ ஆத்து, போ."

படகில் போகிறவர்கள் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"மானம் போவுதுடி," என்றேன்.

"மானம் போனது அவனுக்கு. நீ தலைய நிமுத்திப் புரட்டு."

அத்தோடு விட்டார்களா அந்த வீட்டார்? நிச்சயத்துக்குக் கொடுத்த சிவப்புப் பட்டுப் புடவையைத் திருப்பி வாங்கிப்போக மறுநாள் வருவதாக அவன் அத்தைக்காரி சொல்லி அனுப்பினாள். அதையே எளாவூர்ப் பெண்ணுக்கு உடுத்தப் போகிறார்களாம். எந்த ஊரில் நடக்கும் இந்த அநியாயம்? நானோ அந்தப் புடவையைத் தலைக்கு வைத்துத்தான் படுத்திருந்தேன். அது என்னிடம் இருக்கும்வரை அவன் மனசு மாறித் திரும்பி வருவான் என்று ஒரு நப்பாசை. காக்காவோட்டிக்கு மட்டும் அது தெரியும்.

விடிந்து பார்த்தால் புடவையைக் காணோம். ஓடினேன். அவள் மணலில், உப்புத் தடவிய வாளை மீன்கள் மேல் என் பட்டு விரிந்து கிடந்தது. காகம் கொத்தாமலிருக்கப் பழைய வலையைப் போர்த்துவோமே, அது மாதிரி.

"பாவி, இன்னாடி பண்ண?"

"வல கிழிஞ்சிபோச்சு."

சாயங்காலம் அத்தைக்காரி வந்து இறங்கினாள். காக்காவோட்டி புடவையை அழகாக மடித்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அத்தைக்காரி பிறந்து வளர்ந்ததே மீன் கூடைக்குப் பக்கத்தில். அவளே மூக்கைப் பொத்தினாள்.

"இன்னாமா இது, இந்த நாத்தம்?"

"எங்க வூட்டு வாசனை அத்த. பொண்ணு கேட்டு வந்தப்ப நல்லாதான இருந்துச்சி?"

படகு மறையும்வரை அடக்கி வைத்திருந்து, பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்கு வெறுந்தரையில் தலை வைத்து நன்றாகத் தூங்கினேன்.

அந்தப் புடவை மணமேடை ஏறியபோது எளாவூர்ப் பூனையெல்லாம் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன என்று காக்காவோட்டி கதை சொல்வாள். அவள் அந்தக் கல்யாணத்துக்குப் போகவேயில்லை.

எனக்கு ஆத்திரம் வேறு விஷயத்தில். ஈர உப்பில் பட்டுச் சாயம் இறங்கி, அவள் வாளை அத்தனையும் சிவந்துபோயிருந்தது. சந்தையில் ஒருத்தரும் தொடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? அந்தக் கோடை முழுக்க அவள் வீட்டில் சிவப்புக் கருவாட்டுக் குழம்புதான். எதேச்சையாகச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னாடி இது என்றேன்.

"புது ரக மீனுமே. வெக்கத்துல செவந்திருக்குது."

கோபம் தாங்கவில்லை எனக்கு. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். அந்தக் கருவாடு தீரும்வரை தினமும் போய்ச் சாப்பிட்டேன். தீர்ந்த பிறகும் போய்க்கொண்டேதான் இருந்தேன்.